சங்கு ஊதினால் வருகிறவள்

"செல்விக்கா, மறுபடியும் வந்து நிக்கிறா!"

ஏஞ்சல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் மாறுகிற சங்கு அப்போதுதான் ஊதி ஓய்ந்திருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் முத்தம்மா. கண் இமைக்கவில்லை. உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்வி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

"அந்தப் பக்கமே பாக்காத. முழுகாம இருந்த மருமவளையே முழுங்கினவ. இப்ப உன் மேல கண்ணு."

அந்தத் தெருவில் இதைச் சொல்லாத வாய் கிடையாது. முத்தம்மாவிடம் நின்று பேச மட்டும் ஆள் கிடையாது. குடிவந்த அன்றே ஏஞ்சலின் கணவன் பென்னியும், "அந்த எதிர் ஊட்டம்மாவ சேத்துக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

"முன்னல்லாம் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவாக்கா. நேத்து விளக்கு வைக்கிற வரைக்கும் போவல. அவ பாத்தாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது."

"அடிக்காம இன்னா பண்ணும்? பாக்குற பார்வை அப்படி. இந்தா, இத துன்னு."

செல்வி மடியிலிருந்து மாங்காயை எடுத்து நீட்டினாள். தங்கமானவள். ஆரம்பாக்கத்தில் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு ஏஞ்சலுக்கு வாய்க்கு ருசியாக எதையாவது கொண்டுவருகிற ஒரே ஆள் இவள்தான்.

படபடப்பு ஏஞ்சலுக்குப் புதிதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவள் இதயம் தறிகெட்டு ஓடும். அதற்கு மாத்திரை உண்டு. பிள்ளை உண்டானதும் டாக்டரம்மா பழையதை மாற்றி வேறு எழுதிக்கொடுத்தார். "குழந்தையையும் யோசிச்சுதான் குடுத்திருக்கேன். என்னைக் கேக்காம நிறுத்தக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பினார்.

நிறுத்தச் சொன்னது செல்வி.

"வவுத்துல புள்ளைய வச்சிக்கினு யாராச்சும் இங்கிலீஷ் மாத்திர துன்னுவாங்களா? புள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா டாக்டரா வந்து வளப்பாங்க? நாங்கல்லாம் பெக்கல?"

பிள்ளைக்கு ஆகாது என்ற பிறகு எந்தத் தாய்க்கு மாத்திரை தொண்டையில் இறங்கும்? பச்சை அட்டை ஜன்னல் விளிம்பிலேயே கிடந்தது. பென்னியிடம் அவள் மூச்சுவிடவில்லை.

மறுநாளும் சங்கு ஊதியது. ஏஞ்சல் பயந்துகொண்டே ஜன்னலைத் திறந்தாள்.

எதிர் ஜன்னல் காலி.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று திரும்பினாள்.

முத்தம்மா வீட்டுக்குள் நின்றிருந்தாள்.

ஏஞ்சல் கத்தப் பார்த்தாள். குரல் எழும்பவில்லை. கூடைக்குள் அடைத்த கோழி மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. கண் இருட்டியது. சரிந்தவளைச் சில்லென்ற ஒரு கை தாங்கித் தரையில் படுக்கவைத்தது. அந்தக் கை ஊர்ந்து அவள் மணிக்கட்டுக்கு வந்து, நாடியில் நின்றது.

முத்தம்மாவின் உதடு மறுபடி அசைந்தது. இவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் அந்த வார்த்தைகள் ஏஞ்சலின் காதில் விழுந்தன.

"ஏசப்பா, இந்தப் பொண்ணையாச்சும் காப்பாத்து. ஏசப்பா, இந்தப் பொண்ணையாச்சும்..."

ஏஞ்சல் கண்ணைத் திறந்தாள். முத்தம்மா ஜன்னலிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"டெய்லி சங்கு ஊதினா நீ மாத்திர போடுவ. போட்டுத் தண்ணி குடிக்கிறத பாத்துட்டுதான் நான் நகருவேன். மூணு நாளா நீ போடல."

"கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, அத்தை?"

தன்னை அறியாமல் வந்துவிட்டது அந்த 'அத்தை'.

"நான் தட்டினா யாரு கண்ணு கதவத் தொறப்பாங்க? இன்னிக்கி தாழ்ப்பா போடல, வந்துட்டேன். முன்னாடியே தெருமுனையில குணா ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன். டாக்டரம்மாவாண்ட மறைக்காம எல்லாத்தையும் சொல்லு. அவங்க சொல்றபடி போடு. மாத்திர விஷயத்துல போடு, போடாதன்னு நான் வாயத் தொறக்க மாட்டேன்."

ஏஞ்சலுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக யாரைப் பார்த்து நடுங்கினோம் என்று நினைக்கவே கூசியது.

"செல்விக்காதான் நிறுத்தச் சொன்னாங்க. புள்ளைக்கு ஆவாதுன்னு..."

முத்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை. முந்தானையால் ஏஞ்சலின் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"அவள திட்டாத. ஆசையாத்தான் சொல்லியிருப்பா. நானும் எங்க மருமவ ஸ்நேகாவாண்ட இதேதான் சொன்னேன்."

வெளியே ஆட்டோ வந்து நின்றது.

"நல்ல பொண்ணு கண்ணு அவ. என் பேச்ச ஒரு நாளும் தட்டினதே இல்ல."