ஆறு மெடல் மாப்பிள்ளை

"வாஷர் தேஞ்சுபோச்சு. ஏர்கன்ல காத்தே நிக்கல. போட்டிக்குப் போன மாதிரிதான்! உங்கப்பாவை வீட்டுக்குப் போகச் சொல்லிடு."

வாசலில் மாமனார் கார் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். கூடத்துச் சுவரில் தொங்கும் ஆறு மெடல்களைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவர், மாப்பிள்ளை சுடுவதை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப்போகிறார்.

மனைவி புது வாஷரை நீட்டினாள். "போன வாரமே வாங்கிட்டேன்."

வேண்டாவெறுப்பாக மாட்டினான். பிறகு பையைக் குடைந்தான். "குண்டு டப்பாவைக் காணோமே!"

"அரிசி டின்னுக்குள்ள இருந்துச்சு. இந்தாங்க."

"கிளவுஸ்?"

"மெத்தைக்கு அடியில. எடுத்து வெச்சிட்டேன்."

அவன் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினான். "குறி பார்க்கிற முள்ளு வளைஞ்சிருக்கு, பாரு!"

"காலால மிதிச்சா வளையத்தான் செய்யும். இதோ புதுசு."

அவனிடம் இனி ஒரு சாக்கும் மிச்சமில்லை. "இதெல்லாம் எங்கடி வாங்கின?"

"நீங்க வழக்கமா வாங்குற கடையிலதான்." அவள் பையைத் தூக்கி அவன் தோளில் மாட்டிவிட்டாள். "கடைக்காரர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார். ஏழாவது மெடல் தங்கமா, வெள்ளியா? இன்னிக்கே சொல்லிட்டா, பேரைப் பொறிச்சு வெச்சிடுவாராம்."