மேசைக்கு அடியில் ஆமை

"மிஸ், பூனை என்னைக் கிள்ளிட்டா."

புகார் சொன்னது முயல். சொன்ன கையோடு உதடு பிதுங்கியது. அடுத்த நொடி ஊரைக் கூட்டும் அழுகை.

"அவதான் என் சிவப்பு கிரேயானைத் தின்னுட்டா," என்றது பூனை.

"தின்னலை. நக்கித்தான் பார்த்தேன்."

அந்த மழலையர் வகுப்பில் சட்டையில் குத்தியிருக்கும் படம்தான் பெயர். புது டீச்சர் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. புது டீச்சர் என்பதே அவசரப் பேச்சு. இன்றைக்கு வகுப்பு எடுத்துக் காட்டினால்தான் வேலை. 'உங்க குரல் எடுபடாதும்மா, பொடிசுங்க உங்களை மேய்ச்சுடும்' என்று இதற்கு முன் இரண்டு பள்ளிகளில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதுவும் போனால் சித்தப்பாவின் டைல்ஸ் கடையில் பில் போட உட்காருவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தாள்.

வாசலில் சாய்ந்து நின்ற ஆயம்மா கையில் மணி இருந்தது.

"இதை அடிக்கிறதுக்குள்ள நாலு பேரும் பாய்ல வட்டமா உட்கார்ந்திருக்கணும், டீச்சரம்மா. அவ்வளவுதான் பரீட்சை."

"நாலு பேரா? மூணுதானே இருக்கு?"

ஆயம்மா தாடையால் மூலையைக் காட்டினாள். அங்கே மேசைக்கு அடியில் ஒரு நீல ஸ்வெட்டர் தெரிந்தது.

"அது ஆமை. காலையில உள்ள போனது. வெளியில வராது."

அழுகிற பிள்ளையிடம் 'அழாதே' என்று சொல்லக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேறு என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுத்த அன்று அவளுக்கு ஜலதோஷம், போகவில்லை. முயலின் முன்னால் மண்டியிட்டாள்.

"வலிக்குதாடி கண்ணு?" சொல்வதற்குள் நாக்கு கூசியது. "எங்கே, காட்டு."

"இங்க. இல்லை, இங்க." முயலுக்கே இடம் மறந்துபோயிருந்தது.

"சரி, ரெண்டு இடத்துலயும் ஊதிவிடறேன்."

"எனக்கும் ஊதணும்," என்றது பூனை.

"உன்னை யாரும் கிள்ளலையே."

"நானே கிள்ளிக்கிட்டேன்."

அதற்கும் ஊதினாள். இதற்குள் வாத்து கையைத் தூக்கியது.

"மிஸ், உச்சா வருது."

"ஓடு, போயிட்டு வா."

"வந்துடுச்சு."

"ஐயையோ, எங்கே?"

"சும்மா சொன்னேன்."

வாத்து விழுந்து விழுந்து சிரித்ததில் குட்டி நாற்காலி கிரீச்சென்று முனகியது. முயலும் அழுகையை மறந்து சிரித்தது. அந்தச் சமயம் பார்த்து அவள் மேசைப் பக்கம் போனாள்.

"ஸ்கேலால தட்டுங்க டீச்சரம்மா," என்று ஆயம்மா யோசனை சொன்னாள். "இல்லைன்னா பூச்சாண்டி வரான்னு சொல்லுங்க."

"பூச்சாண்டி வந்தா எனக்கே பயம்."

"அப்போ சாக்லேட் காட்டுங்க."

"நாளைக்கும் உள்ள போய் உட்கார்ந்துக்கும், சாக்லேட்டுக்காக."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்கு காலில் தவழ்ந்தாள்.

"இது யாரு வீடு?"

"என்னுது," என்றது ஆமை.

"நான் உள்ள வரலாமா?"

"கூடாது. நீ பெரியவ. தலை இடிக்கும்."

"இடிச்சா அழுவேன். அழுதா ஊதிவிடுவியா?"

உள்ளே யோசனை நடந்தது. "ம்."

தலையை நுழைத்தாள். நங்கென்று நிஜமாகவே இடித்தது. ஆமை சொன்ன சொல் தவறாமல் உஃப் உஃப் என்று ஊதியது.

"மிஸ், எங்களுக்கும் அந்த வீடு வேணும்," என்று மூன்றும் ஓடி வந்து மொய்த்தன. வாத்து நுழையப் பார்த்ததில் மேசை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது.

"இருங்க, இருங்க. நாம விருந்தாளிங்க. விருந்தாளி வாசல்லதான் உட்காரணும். பாயை யாரு இழுத்துட்டு வரப்போறீங்க?"

"நான்." "நான்தான்." "அவ இல்லை, நான்."

மூன்று பேர் இழுத்ததில் பாய் கிழியாமல் வந்து சேர்ந்தது அதிசயம். மேசைக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்து, கதவு இல்லாத வீட்டைத் தட்டி, 'ஆமை இருக்கா, ஆமை இருக்கா' என்று ராகம் போட்டார்கள். உள்ளேயிருந்து 'இல்லை, இல்லை' என்று எதிர்ப்பாட்டு வந்தது. புது டீச்சருக்குச் சிரித்துச் சிரித்து விலா நொந்தது.

"எல்லாம் சரி," என்றாள் ஆயம்மா. "ஆமை பாய்ல இல்லையே."

"பாய்தான் ஆமைகிட்ட வந்திருக்கே."

"அது கணக்குல சேராது. கைக்கு எட்டுற தூரம்தானே, பிடிச்சு ஒரு இழு இழுங்க. மணி அடிக்கப் போறேன்."

ஸ்வெட்டரின் கை பக்கத்திலேயே இருந்தது. டீச்சர் கையை நீட்டினாள். பிறகு, நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம், ஆயம்மா. இவ்வளவு நேரம் வாசல்ல நின்னு அனுமதி கேட்டுட்டு, இப்போ வீட்டை உடைச்சா இனிமே என்னை யாரு நம்புவா? அதுக்கா தோணும்போது வரட்டும்."

"வேலை?"

"போனாப் போகுது."

மணி அடித்தது. பாட்டு நின்றது. புது டீச்சர் எழுந்து, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எனக்குத் தோணி ரொம்ப நேரமாச்சும்மா, இந்த முட்டிதான் பிடிச்சுக்கிட்டு வர விட மாட்டேங்குது," என்றது மேசைக்கு அடியிலிருந்து மழலை துளியும் இல்லாத ஒரு குரல். "வேலை உனக்குத்தான். நிஜப் பிள்ளைங்க லீவு முடிஞ்சு நாளைக்கு வந்துடும். இப்போ சிரிச்சுக்கிட்டு நிக்கிற இந்த மூணு டீச்சரையும் கூட்டிக்கிட்டு, உன் பிரின்சிபாலை முதல்ல வெளியில இழுத்துப் போடு."