காது மந்தம்

அம்மா இறந்துபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. தையல் கடைக்குள் ஒரே சிரிப்பு. தெருவில் போனவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சிரிக்க வைத்தது தையல்காரர்தான். வெளியூரிலிருந்து வந்திருந்த தன் அக்காவுக்கு, மிஷினை ஓட்டிக்கொண்டே அம்மாவின் காது மந்தக் கதைகளை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"கத்திரிக்கோல் எங்கேம்மான்னு கேட்டா, கத்திரிக்காய் இன்னைக்கு வாங்கலையேடாங்கும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா கத்திரிக்கோல் என் கைப்பக்கத்துல இருக்கும். அது எப்படித்தான் வந்துச்சோ."

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போனில் அம்மாவோடு கத்திக் கத்தியே தன் தொண்டை கட்டிப்போனதை அவளும் தன் பங்குக்குச் சொன்னாள்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அம்மா ஹூக் வைப்பாள், பட்டன் ஓட்டைக்குக் காஜா போடுவாள். யார் என்ன பேசினாலும் தலை நிமிராது.

அதில் எல்லோருக்கும் ஒரு வசதி இருந்தது. அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாமா என்று தையல்காரரும் அவர் மனைவியும் பேசியது அவள் தலைக்கு மேலேதான். போன தடவை வந்தபோது அக்காவும் அதே இடத்தில் நின்று, "எங்க வீட்டுக்கு மட்டும் வேணாம்டா, சரிப்பட்டு வராது" என்று கையை விரித்துவிட்டுப் போனாள். அம்மா பாட்டுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

காதை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்ற பேச்சும் ஒருமுறை வந்தது. வயசானால் அப்படித்தான் என்று அதோடு போயிற்று.

தையல்காரர் நூல் மாற்ற மிஷினை நிறுத்தினார். அப்போதுதான் உள்ளே குழந்தை வீரிட்டு அழுவது கேட்டது. மனைவி ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். குழந்தையின் முகம் சிவந்து கன்றிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக அழுததோ.

அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"அத்தை இருந்தவரைக்கும் இவன் இப்படி அழுததே இல்ல அண்ணி. மிஷின் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். எங்களுக்கு ஒண்ணுமே கேக்காது. இவன் லேசா சிணுங்கினா போதும், அத்தை ஊசியைக் குத்தி வெச்சுட்டு எழுந்து போயிடுவாங்க."

"பேரன்னா அவளுக்கு உசிரு" என்று சொல்லிக்கொண்டே குழந்தையை வாங்கக் கை நீட்டிய அக்கா, அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்களுக்கே கேக்காதுங்கிறா. அப்புறம் அம்மாவுக்கு எப்படிடா கேட்டுச்சு?"

குழந்தை இன்னும் விம்மிக்கொண்டிருந்தது.

அக்காவின் பார்வை ஸ்டூலுக்குப் போனது. அன்றைக்கு அவள் நின்று பேசிய இடம் அதற்கு ஒட்டினாற்போல இருந்தது. மேற்கொண்டு அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

இல்லத்தில் கேட்டுவிட்டு வந்து, இடம் காலியாக இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னது தையல்காரரின் வாய்தான். கொஞ்சம் முன்னால் கத்திரிக்காய் கதை சொன்னதும் அதே வாய்தான்.

"இது எப்படா ஆரம்பிச்சுது?" தலை நிமிராமலே அக்கா கேட்டாள்.

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"என்னாலதான் அண்ணி. கல்யாணமான புதுசுல இவர்கிட்ட ஒருநாள் சண்டை போட்டேன். உங்க அம்மா காதுல விழாம இந்த வீட்டுல நாம ஒரு வார்த்தை பேச முடியுதான்னு கேட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகைத் தடுப்பைப் பார்த்தாள்.

"அந்த வாரம்தான் அத்தைக்குக் காது மந்தமாச்சு."