வேலூருக்கு ஒன்பது

அவன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். பல் துலக்கினான். தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை அணைத்தான்.

தோசை இரண்டு. பொடி.

சட்டைக்கு இஸ்திரி. காலரும் முன்பக்கமும் போதும்.

எட்டு பத்துக்கு வரும் பேருந்தில் காந்திபுரம். அங்கிருந்து நடந்து அலுவலகம்.

இன்று பன்னிரண்டு மணிக்குள் பட்டியலை முடித்துக் கொடுக்க வேண்டும்.

தென்னிந்திய நகரங்கள் நாற்பது. எது முக்கியம், எதற்கு எவ்வளவு செல்வாக்கு என்று வரிசை. எங்கே கிளை திறக்கலாம் என்று பார்க்கிற நிறுவனங்களுக்காக வருடம் ஒரு முறை போடுவது. விமானங்கள், வங்கிகள், தலைமை அலுவலகங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள். இவற்றை எண்ணிவிடலாம்.

கடைசிக் கட்டத்தை எண்ண முடியாது. செல்வாக்கு. பத்துக்கு எத்தனை என்று இரண்டு பேர் தனித்தனியே போட வேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. காரணத்தை எழுதவும் கூடாது. எழுதிவிட்டால் விட்டுக்கொடுக்க மனம் வராது என்பது அலுவலகத்தின் நம்பிக்கை.

இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த வரி சிவப்பாகும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். குறைவாகப் போட்டவர் முதலில் பேச வேண்டும்.

அவளை அவனுக்கு அப்படித்தான் தெரியும். மைசூருக்கு அவன் ஐந்து, அவள் எட்டு. முக்கால் மணி நேரம் பேசினார்கள். எட்டு என்று முடிந்தது.

மறு வருடம் கல்யாணம்.

இந்த வருடப் பட்டியலையும் அவர்கள் இருவர்தான் போட்டார்கள். வேலூரில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜ் அறையில். அவளுடைய அறுவை சிகிச்சைக்குத் தேதி சொல்லியிருந்தார்கள். ஒரே கட்டில். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அவள் ஜன்னலைப் பார்த்து.

முதுகோடு முதுகு. விதி விதிதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் கண் விழிக்கவில்லை.

அவள் போய் ஏழு வாரம் ஆகிறது.

அவனுடைய தாளையும் அவளுடைய தாளையும் திரையில் பக்கம் பக்கமாகத் திறந்தான். முப்பத்தொன்பது வரிகள் வெள்ளை. கல்யாணமானால் சிவப்பு குறையும் போலிருக்கிறது.

ஒரு வரி மட்டும் சிவப்பு.

வேலூர். அவன் மூன்று. அவள் ஒன்பது.

கொச்சிக்கே அவள் எட்டுதான் கொடுத்திருந்தாள்.

குழுத் தலைவர் திருமூர்த்தி பின்னால் வந்து நின்றார். “உங்க மார்க்கையே வெச்சுருங்க தம்பி. ஹேமா வந்து சண்டையா போடப் போகுது…”

நாக்கைக் கடித்துக்கொண்டார். அவன் தோளில் கை வைத்தார். எடுத்தார். போய்விட்டார்.

மூன்று என்று அடித்தால் போதும். அவள் போட்டது அழிந்துவிடும். வேறு எங்கும் இருக்காது.

அவன் அடிக்கவில்லை. ஏன் ஒன்பது என்று தெரிய வேண்டும்.

மருத்துவமனைகளுக்கான மதிப்பெண் வேறு கட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. ஒன்றை இரண்டு தடவை எண்ணுகிற தப்பை அவள் செய்ததே இல்லை.

வரைபடத்தைத் திறந்தான். காட்பாடியில் நிற்கும் ரயில்களைப் பார்த்தான். கோட்டையைப் பார்த்தான். தோல் தொழிற்சாலைகளைப் பார்த்தான். மூன்று சரிதான். இழுத்துப் பிடித்தால் நான்கு. ஒன்பது வராது.

ஒரே ஒரு விடை பொருந்தியது. அதை நினைக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

பிழைத்து எழுந்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். அவள் மதிப்பெண் போட்டிருக்கிறாள். அந்த ஊரிடம் கெஞ்சியிருக்கிறாள்.

அப்படியென்றால் இந்த ஒன்பது வெறும் பயம். அவனிடம் ஒரு நாளும் காட்டாத பயம். அவன் முதுகில் சாய்ந்துகொண்டு அவள் அதைத் தட்டியிருக்கிறாள். அவனுக்குத் தெரியவில்லை.

பயத்தைப் பட்டியலில் வைக்க முடியாது. அழிக்கத்தான் வேண்டும்.

மணி பதினொன்று நாற்பது.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பேச்சு அறைக்குப் போனான். ஒரு மேசை. இரண்டு நாற்காலிகள். எப்போதும் உட்காரும் பக்கம் உட்கார்ந்தான்.

குறைவாகப் போட்டவன் அவன்.

“விமானம் கிடையாது,” என்றான். “பெரிய கம்பெனி எதுக்கும் ஹெட் ஆபீஸ் கிடையாது. அந்த ஊர் ஒண்ணு முடிவு பண்ணி வேற ஊர்ல எதுவும் மாறினதில்லை. அதனால மூணு.”

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

இனி அவள் முறை.

அவன் காத்திருந்தான்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ‘அவரப் பாத்துக்கம்மான்னு சொல்லிட்டுப் போனா’ என்று அத்தை அழுதாள். பெற்றவள். அவளுக்கு அப்படி ஒன்று வேண்டியிருந்தது. அவன் திருத்தவில்லை.

நடந்தது வேறு.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. தள்ளுகிறவர். சிஸ்டர். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண். அந்தப் பெண்ணின் புருஷன். அரைகுறை இந்தியில் ஹேமா எல்லோரையும் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்களும் பதில் சொன்னார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. அவன் கையெழுத்துப் போட்ட தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது.

அவள் தலையைத் தூக்கி அவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, காலைல இருந்து கண்ணுல பட்டவங்களையெல்லாம் எந்த ஊருன்னு கேட்டுட்டேன். ஒருத்தர்கூட வேலூருன்னு சொல்லலை, எல்லாம் எங்கெங்கேருந்தோ வந்தவங்க, பாத்தீங்களா!”