பாக்கி ஒன்று

"சிஸ்டம் ரொம்பப் பழசு சார். புது வெர்ஷனை டவுன்லோட் பண்ணிப் போட்டுடறேன்," என்றான் கம்ப்யூட்டர் மெக்கானிக்.

"புதுசா எதையும் இறக்காதீங்க தம்பி. என் பையன் ஏற்கெனவே இறக்கி வச்சிருக்கான். அதையே போடுங்க." பெரியவர் இதைச் சொல்வது மூன்றாவது தடவை.

நெட்டுக்குக்கூடக் கணக்குப் பார்க்கும் கஞ்ச மகாபிரபு என்று மெக்கானிக் மனசுக்குள் சிரித்துக்கொண்டே தேடினான்.

"தொள்ளாயிரம் ஃபைல் இருக்கு சார். கடைசி ஒண்ணுதான் பாக்கி. யாரோ நடுவுல நெட் வயரைப் பிடுங்கியிருப்பாங்க போல. ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா முழுசா வந்திருக்கும். உங்க பையனைக் கூப்பிடுங்க, கேட்டுடலாம்."

பெரியவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் பிடுங்கினேன். எந்நேரமும் இதே வேலையான்னு கத்தினேன். கோவிச்சுக்கிட்டு பைக்கை எடுத்துட்டுப் போனான். சாயங்காலம் அவன் உடம்பைத்தான் தூக்கிட்டு வந்தாங்க."