வழிக்கு வராத அப்பா

“எல்லா ஊட்லயும் அப்பனுங்க வழிக்கு வந்துட்டாங்க மேடம். ஒரு ஊட்ல மட்டும் நான் தோத்துட்டேனுங்க” என்றாள் நிலா, ஸ்கூட்டியை மெதுவாக்கி.

பின்னால் உட்கார்ந்திருந்த ஃபாத்திமா, சேலத்திலிருந்து புதிதாக வந்த சூப்பர்வைசர். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பிள்ளை வளர்ப்பு சொல்லித்தருவது நிலாவின் வேலை. அப்பாக்களையும் அதில் இழுத்துவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. “உனக்கு நான் என்ன உதவி பண்ணணும்?” என்று காலையில் ஃபாத்திமா கேட்டதற்கு, இந்த ஒரு வீட்டுக்கு வந்து பேசினால் போதும் என்றிருந்தாள்.

“அந்தாளு என்ன வேலை?”

“முட்டை லாரி ஓட்டறாருங்க. லோடு இல்லாட்டி ஊட்லதான் கெடப்பாரு. புள்ள அழுதா பக்கத்தூட்டு அக்காவைக் கூப்புடுவாரே தவிர, தொடமாட்டாருங்க. அந்தக்காவும் அடுத்த வாரம் மக ஊட்டுக்குப் போறாங்க. அப்புறம் புள்ளையோட அம்மா வேலையை விட்டுட்டு உக்கார வேண்டியதுதானுங்க.”

“நீ சொல்லிப் பார்த்தியா?”

“சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது. நான் சொன்னா எடுபடலீங்க.”

மற்ற வீடுகளில் வாசலில் நின்று குரல் கொடுத்து, கூப்பிட்ட பிறகே உள்ளே போன நிலா, இங்கே தகரக் கதவுக்கு மேலே கையை விட்டு உள்கொக்கியைத் தானே எடுத்துவிட்டாள். கோபத்தில் இருக்கிறாள் என்று ஃபாத்திமா நினைத்துக்கொண்டாள்.

உள்ளே ஒருவன் கட்டிலில் படுத்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டிலில் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்து நிலாவைப் பார்த்தான். நிலா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

“அங்க என்ன பார்வை? பேசறது நானு. நீங்கதானே குழந்தையோட அப்பா?”

“ஆமாங்க. அது வந்துங்க மேடம்…”

“வந்தும் வேணாம், போயும் வேணாம். பத்துச் சக்கர லாரியைத் திருப்புற கைக்கு ஒரு கைப்புள்ள கனமாப் போச்சா?”

“கனமில்லீங்க. கீழ போட்டுருவனோன்னு பயமுங்க.”

“கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. தூக்குங்க.”

முட்டை அட்டையை எடுப்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். பிள்ளை அழுகையை நிறுத்தி அவன் முகத்தையே பார்த்தது. பிறகு அவன் பனியனை நனைத்தது.

“நனைஞ்சிருச்சுங்க.”

“நனையட்டும்.”

அவன் அசையாமல் நின்றான். ஃபாத்திமாவுக்குத் திருப்தியாகிவிட்டது.

“நாளையிலேருந்து தெனமும் இப்படித்தான். உங்க வீட்டம்மா நிம்மதியா வேலைக்குப் போகட்டும். நான் சொன்னதை அவங்களும் கேக்கணும். குழந்தையோட அம்மா எங்க? கூப்பிடுங்க.”

பிள்ளையைத் தோளில் பதமாகச் சாய்த்துக்கொண்டு அவன் சொன்னான்:

“உங்க பக்கத்துலதானுங்க நிக்கறா.”