விண்ணப்பத்தில் இருபது அடி

ஆற்றங்கரை மேட்டில் ஒரு கீரி தன் குட்டிகளோடு வளையில் குடியிருந்தது. வளை வாசலிலிருந்து கரையின் விளிம்பு வரை முப்பது அடி நிலம். ஒவ்வொரு மழைக்கும் அதில் கொஞ்சம் சரிந்து ஆற்றோடு போனது. விளிம்பில் வெட்டிவேர் நட்டால் மண் நிற்கும், நாற்றுக்கு அரசு மானியம் உண்டு என்று கேள்விப்பட்ட கீரி, முப்பது அடி என்று எழுதி விண்ணப்பம் போட்டது.

நாலு மாதம் கழித்து, அளவெடுக்கும் கொக்கு வந்தது. நிதானமாக நடந்து அளந்தது.

"இருபத்தாறுதான் இருக்கு. பொய்யா எழுதுறே?"

"எழுதினப்ப முப்பது இருந்துச்சுங்க ஐயா. நீங்க வர்றதுக்குள்ள மழை வந்துடுச்சு."

"அப்ப மழைகிட்டயே கையெழுத்து வாங்கிக்க. அளவு பொருந்தலேன்னா மானியம் கிடையாது. திருப்பி எழுதி அனுப்பு."

கீரி இருபத்தாறு என்று எழுதி அனுப்பியது. கொக்கு வந்தபோது இருபத்துமூன்று இருந்தது. அதுவும் தள்ளுபடி.

மூன்றாவது தடவை கீரி யோசித்தது. கொக்கு வருவதற்குள் எப்படியும் மூன்று அடி போய்விடும் என்று, முன்கூட்டியே இருபது என்று எழுதிவிட்டது.

அந்த வருடம் ஒரு சொட்டு மழை இல்லை. இருபத்துமூன்று அடியும் அப்படியே இருந்தது. மறுநாள் அளக்க வருவதாகக் கொக்கு சொல்லி அனுப்பியது.

அன்று மத்தியானம் குட்டிகள் வெளியே வந்து பார்த்தன. அம்மா விளிம்பில் நின்று மண்ணைப் பறித்துப் பறித்து ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்றே?"

"இன்னும் ரெண்டு அடி போகணும் கண்ணுங்களா. சும்மா நிக்காம வந்து தள்ளுங்க."